இரத்தம் விதையா?

கிரேக்கத்தில் ‘மார்த்துஸ்’ என்றால் சாட்சி. அரபியில் ‘ஷஹீத்’ என்பதும் சாட்சி. கீழைத் திருச்சபையின் சுரியானி மொழியில் ‘சஹ்தா’ என்பதும் அதுவே. தமிழ்க் கத்தோலிக்கர் முன்பு வேதசாட்சி என்றார்கள், இப்போது மறைசாட்சி என்கிறார்கள். சீர்திருத்தச் சபைகளில் இரத்தசாட்சி என்ற சொல் வழங்குகிறது. நம்பிக்கைக்காக உயிர்விட்டவரை இத்தனை மொழிகளும் வழக்குமன்றத்தில் கூண்டேறி நிற்பவரின் பெயரால் அழைக்கின்றன. சாட்சி என்று சொன்னால் அடுத்த கேள்வி தானாக வந்துவிடும்: எதற்குச் சாட்சி? அவர் நம்பியது உண்மை என்பதற்கா? அவர் அதை மனதார நம்பினார் என்பதற்கா? அவரைக் கொன்றவன் செய்தது அநீதி என்பதற்கா? மூன்றும் வேறு வேறு. நினைவுநாள் மேடைகளில் மூன்றும் கலந்துவிடுகின்றன. கூடவே நான்காவதாக ஒன்றும் சேர்ந்துகொள்கிறது: அவர் இறந்ததால்தான் அது பரவியது என்ற கூற்று.

இந்த நான்காவது கூற்றுக்கு ஒரு தந்தை உண்டு. கி.பி. 197 வாக்கில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தில் இருந்து எழுதிய தெர்த்துல்லியன், கிறிஸ்தவர் சிந்தும் இரத்தத்தை விதைக்கு ஒப்பிட்டார். 1,800 ஆண்டுகளாக அந்த உவமை சலிக்காமல் ஊர் சுற்றுகிறது. திருச்சபை வரலாற்று நூல்களுக்கு வெளியேயும் அது வளர்ந்திருக்கிறது. ஈழத்தில் போராளிகளின் உடல்கள் புதைக்கப்பட்டன என்று யாரும் சொன்னதில்லை, விதைக்கப்பட்டன என்றார்கள். சடலம் ‘வித்துடல்’ ஆனது. அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த இதழின் வாசகர்களில் பலர். அதைத் தாயகத்தில் கேட்டவர்கள் உண்டு, கனடாவின் மண்டபங்களில் நவம்பர் மாதங்களில் கேட்டவர்களும் உண்டு. ஆகவே ஆதிக் கிறிஸ்தவம் எப்படிப் பரவியது என்ற கேள்வி ரோமாபுரியோடு முடிகிற கேள்வியாக நமக்கு இருக்க முடியாது. இரத்தம் உண்மையிலேயே விதையா? ஆம் என்று சொல்லும்போது நாம் எதைச் செய்கிறோம்?

*

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். ரோமப் பேரரசில் கிறிஸ்தவர்கள் 300 ஆண்டுகள் இடைவிடாமல் வேட்டையாடப்பட்டார்கள் என்பது பரவலான மனச்சித்திரம். வரலாறு அவ்வளவு சீரானதல்ல. கி.பி. 64-இல் நீரோ ரோம் நகரத்தில் கொன்றான். அதன் பிறகு நெடுங்காலம், துன்புறுத்தல் அங்கங்கே வெடித்து அடங்குகிற உள்ளூர்க் கலவரமாகவும் ஆளுநர் ஒருவரின் கண்டிப்பாகவும்தான் இருந்தது. பேரரசு முழுவதையும் தழுவிய முதல் ஆணை டேசியஸ் காலத்தில், 249-250-இல் வந்தது. வலேரியன் 257-இல் தொடர்ந்தான். டயோக்ளீஷியனின் பெரும் துன்புறுத்தல் 303-இல் தொடங்கியது. 311-இல் கலேரியஸ் அதை நிறுத்தினான். 313-இல் மிலான் உடன்பாடு. நடுவில் பல பத்தாண்டுகள் அமைதியாகவே கழிந்தன. கிறிஸ்தவர் எண்ணிக்கை கூடியதில் பெரும்பங்கு அந்த அமைதியான ஆண்டுகளுக்கு உண்டு.

சமூகவியலாளர் ராட்னி ஸ்டார்க் 1996-இல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். முதலில் ஆயிரம் பேர், பத்தாண்டுக்கு 40 விழுக்காடு வளர்ச்சி என்று வைத்துக்கொண்டால், நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல இலட்சங்களைத் தாண்டிச் சில பத்து இலட்சங்கள் வந்துவிடும். இதற்கு அற்புதமோ திரள்திரளான மனமாற்றமோ தேவையில்லை. ஒருவர் தன் வாழ்நாளில் ஓரிருவரை அழைத்து வந்தால் போதும். அண்டை வீட்டுக்காரர், திருமண உறவு, ஒரே கடையில் வேலை செய்பவர் என்ற வலையில்தான் இது பரவும். நம் ஊர்களில் இருந்து வளைகுடாவுக்கு ஆட்கள் வந்த விதத்தை நினைத்துப் பாருங்கள். ஒருவர் வந்தார், மச்சானுக்கு விசா எடுத்தார், மச்சான் ஊர்க்காரர் இருவரை அழைத்தார்.

துன்புறுத்தல் வேலை செய்யவில்லை என்பதும் சரியல்ல. கி.பி. 112 வாக்கில் பித்தினியாவின் ஆளுநராக இருந்த இளைய பிளினி பேரரசன் டிராஜனுக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. பிடிவாதமாக நின்றவர்களைக் கொன்றதாகவும், மறுதலித்தவர்களை விட்டுவிட்டதாகவும், வெறிச்சோடிக் கிடந்த கோயில்களுக்கு மீண்டும் கூட்டம் வருவதாகவும் அவர் எழுதுகிறார். அவர் கண்ணில் அது பலிக்கிற மருந்து. டேசியஸ் காலத்தில் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதற்கு ஒரு சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. எகிப்தின் மணலில் இருந்து அப்படிப்பட்ட பாப்பிரஸ் சான்றிதழ்கள் 40-க்கும் மேல் கிடைத்துள்ளன. கார்த்தேஜிலும் ரோமிலும் கிறிஸ்தவர்களில் பெருந்தொகையினர் வரிசையில் நின்று பலியிட்டார்கள்; சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். வேலை நிலைக்க ஒரு தாள் வேண்டும், அந்தத் தாளுக்கு ஒரு விலை உண்டு என்ற நிலையை வெளிநாட்டில் வேலை செய்யும் தமிழருக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

புயல் அடங்கியதும் அந்த மனிதர்கள் திரும்பி வந்து வாசலில் நின்றார்கள். சேர்ப்பதா, கூடாதா? ரோமில் நொவேஷியன் என்ற குரு, கூடவே கூடாது என்றார். திருச்சபை தூய்மையானவர்களுக்கானது என்றார். ரோமின் ஆயர் கொர்னேலியுவும் கார்த்தேஜின் ஆயர் சிப்ரியனும் நடுவழி எடுத்தார்கள்: தவம் செய்யட்டும், பிறகு சேர்த்துக்கொள்வோம். சிப்ரியனே 250-இல் தலைமறைவாகி, கடிதங்களால் சபையை நடத்தியவர். ஓடி ஒளிந்தார் என்று அப்போது ஏசியவர்கள் இருந்தார்கள். அதே மனிதர் 258-இல், இம்முறை ஓடாமல், வாளுக்குத் தலை கொடுத்தார். தப்பியவரும் சாட்சியும் ஒரே உடலில் இருந்தார்கள். நொவேஷியனின் தூய சபை சில நூற்றாண்டுகள் சிறு குழுவாக நீடித்து மறைந்தது. வாசலைத் திறந்து வைத்த சபைதான் உலகெங்கும் போனது.

அதே ஆண்டுகளில் கொள்ளைநோய் ஒன்று பேரரசை உலுக்கியது. அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனீசியு, கிறிஸ்தவர்கள் நோயாளிகளை விட்டு ஓடாமல் தொட்டுப் பராமரித்து, பலர் அதிலேயே இறந்ததை எழுதியிருக்கிறார். தன் கூட்டத்தைப் பற்றித் தானே எழுதியது என்று அதைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்ளலாம். எதிரியின் வாக்குமூலம் ஒன்றும் இருக்கிறது. 362-இல் கிறிஸ்தவத்தை ஒடுக்கிப் பழைய தெய்வங்களை மீட்க முயன்ற பேரரசன் ஜூலியன், இந்தக் கலிலேயர் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்களே, நம் பூசாரிகள் என்ன செய்கிறார்கள் என்று ஒரு தலைமைப் பூசாரிக்குக் கடிதத்தில் நொந்துகொள்கிறான். 251-இல் கொர்னேலியுவின் ரோமச் சபை 1,500-க்கும் மேற்பட்ட விதவைகளையும் வறியவர்களையும் பராமரித்ததாக அவரே எழுதிய கணக்கு உண்டு. மறைசாட்சிகளின் பட்டியலை மனப்பாடமாகச் சொல்லும் நமக்கு இந்த 1,500 பேரின் சோற்றுக் கணக்கு ஏன் நினைவில் நிற்பதில்லை?

உவமை பிறந்த கார்த்தேஜ் நகரத்தையும் பார்த்துவிடுவோம். தெர்த்துல்லியன், சிப்ரியன், அகுஸ்தீன் என்று மூவரைத் தந்த வட ஆப்பிரிக்கா, மறைசாட்சிகளின் இரத்தம் நிறையவே சிந்திய மண். இரத்தம் விதையாக இருந்திருந்தால் அங்குதான் காடாக முளைத்திருக்க வேண்டும். 11-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு அந்த மண்ணின் சொந்தத் திருச்சபையைச் சுவடு தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

*

இதை நான் துபாயின் அல் கூஸில் இருந்து எழுதுகிறேன். கிடங்குகள், வாகனப் பட்டறைகள், கண்ணாடி அறுக்கும் கூடங்கள், ஒரு மூலையில் கலைக்கூடங்கள், அவற்றின் பின்னால் தொழிலாளர் கேம்ப்கள். இங்கே தேவாலயம் இல்லை. கிறிஸ்தவத் தொழிலாளி பேருந்து பிடித்து ஊத் மேத்தாவுக்கோ ஜெபல் அலிக்கோ போக வேண்டும். ஊத் மேத்தாவின் புனித மரியாள் ஆலயம் 1967-இல் திறக்கப்பட்டது. நிலத்தைக் கொடுத்தவர் அன்றைய ஆட்சியாளர் ஷேக் ராஷித். வெள்ளிக்கிழமையே ஞாயிற்றுக் கடனை முடித்துக்கொண்ட ஒரு தலைமுறை இங்கே உண்டு. ஜெபல் அலியில் 2022 முதல் பெரிய இந்துக் கோயிலும் இருக்கிறது. வழிபாட்டுக்கு இடமும் எல்லையும் வகுக்கப்பட்டிருக்கின்றன. அந்த எல்லைக்குள் யாரும் யாரையும் துன்புறுத்துவதில்லை. ஆகவே நம் கேள்வியை மறுபக்கத்தில் இருந்து கேட்க இது நல்ல இடம். வாள் இல்லாத ஊரில் நம்பிக்கை என்ன ஆகிறது?

இந்தக் கரையில் அதற்குப் பழைய பதில் ஒன்று புதைந்து கிடந்தது. 1992-இல் அபுதாபிக்கு மேற்கே சர் பனி யாஸ் தீவில் ஒரு கிறிஸ்தவ மடாலயத்தின் அடித்தளம் கண்டுபிடிக்கப்பட்டது. 2022 நவம்பரில் உம் அல் குவைனின் சினியா தீவில் இன்னொன்று கிடைத்ததாக அறிவித்தார்கள். இவை பாரசீகத்தை மையமாகக் கொண்ட கீழைத் திருச்சபையின் துறவிகள் வாழ்ந்த இடங்கள். இஸ்லாம் வந்த பிறகும் தொடர்ந்து இயங்கி, 8-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஓய்ந்தன. சர் பனி யாஸில் தீயின் தடமோ இடிப்பின் தடமோ இல்லை. ஒரு நாள் ஆட்கள் இல்லாமல் போனார்கள், அவ்வளவுதான். மணல் மூடிக்கொண்டது.

என்ன நடந்திருக்கும் என்பதற்கு ஒரு குறிப்பு அந்தத் திருச்சபையின் தலைவராக 649 முதல் 659 வரை இருந்த மூன்றாம் இஷோயாபின் கடிதங்களில் இருக்கிறது. ரேவ் அர்தஷீரின் பேராயர் சிமியோனுக்கு எழுதும்போது, மசூன் நாட்டார், அதாவது இன்றைய ஓமான் கரையோர மக்கள், நம்பிக்கையைக் கைவிட்டதை எண்ணிப் புலம்புகிறார். அவரைச் சுட்டது எது தெரியுமா? அரபியர் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. நம் குருக்களை மதிக்கிறார்கள், மடாலயங்களுக்கு உதவுகிறார்கள். உடைமையில் பாதியைக் கொடுத்திருந்தால் நம்பிக்கையை வைத்துக்கொண்டிருக்கலாம். இவர்கள் உடைமையை வைத்துக்கொண்டார்கள் என்பதே அவர் குறை. அதே கடிதப் போக்குவரத்தில், சிமியோனின் பிணக்கால் இந்தியாவில் உள்ள விசுவாசிகளும் ஆயர்கள் இன்றி அறுந்து கிடக்கிறார்கள் என்றும் கடிந்துகொள்கிறார். நம் மேற்குக் கரையின் பழைய கிறிஸ்தவர்களும் இந்தக் கடல்வழியில்தான் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

இஷோயாபு ஒரு தலைவர். அவர் கோபத்தில் நியாயம் பாதிதான் இருக்கும். பாதி உடைமையை இழந்தால் அந்த மீனவக் குடும்பங்கள் எதைத் தின்றிருக்கும் என்று அவர் எழுதவில்லை. ஆனாலும் அந்தப் புலம்பல் 1,300 ஆண்டுகள் தாண்டி இந்தக் கரையில் ஒலிக்கத்தான் செய்கிறது. நாமும் உடைமைக்காக வந்தவர்கள். மொழி, வழிபாடு, ஊர்த் திருவிழா, அப்பாவின் கடைசி நாட்கள் என்று ஒவ்வொன்றாக எடைக்கு வைத்துப் பார்த்தவர்கள். வாள் வந்தால் மனிதன் தன்னைத் திரட்டிக்கொள்வான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வாளே வராவிட்டால் அவன் எதையும் இழக்கமாட்டான் என்பதற்கும் இல்லை. சர் பனி யாஸில் விளக்கை அணைத்தது யாருடைய கொடுமையும் இல்லை. எண்ணெய் ஊற்ற ஆள் வரவில்லை.

இதே தீபகற்பத்தின் தென்மேற்கில் வாளும் வந்தது. 523-இல் ஹிம்யார் நாட்டின் அரசன் யூசுப் தூ நுவாஸ், யூத சமயத்தைத் தழுவியவன், நஜ்ரான் நகரத்துக் கிறிஸ்தவர்களைக் கொன்றான். அவர்களின் தலைவர் ஹாரித் இன்றும் தென் அரேபியக் கத்தோலிக்கரின் பாதுகாவலராக வணங்கப்படுகிறார். இரு ஆண்டுகளில் அக்சூமின் கிறிஸ்தவ அரசன் காலேப் கடல் தாண்டி வந்து பழிதீர்த்தான். சிந்திய இரத்தத்தில் இருந்து முதலில் முளைத்தது ஒரு படையெடுப்பு.

*

இனி நம் ஊருக்கு வருவோம். இராமநாதபுரம் மாவட்டத்தின் ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று ஜான் டி பிரிட்டோவின் தலை வெட்டப்பட்டது. லிஸ்பனில் 1647-இல் பிறந்து, காவியுடுத்து, அருளானந்தர் என்று பெயர்கொண்டவர். 1686-இல் பிடிபட்டு, வதைக்கப்பட்டு, மறவர் நாட்டில் இனிப் போதிக்கக் கூடாது என்ற கட்டளையோடு விடுதலையானவர். மீண்டும் வந்தார். தடியத்தேவர் என்ற அரச குலத்தவர் ஞானஸ்நானம் கேட்டார். ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்க வேண்டும் என்பது நிபந்தனை. விலக்கப்பட்டவர்களில் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவர் முறையிட்டார், வாள் எழுந்தது. இன்று ஓரியூரின் செம்மண்ணை மக்கள் பக்தியோடு அள்ளிச் செல்கிறார்கள். இராமநாதபுரம், சிவகங்கை ஊர்களில் இருந்து வளைகுடாவுக்கு வந்தவர்களின் பெட்டிகளிலும் அந்த மண் வந்திருக்கும்.

அருளானந்தரின் துணிவில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் பெண்கள்? தங்கள் குற்றம் எதுவுமின்றி ஒரே நாளில் மனைவி என்ற இடத்தை இழந்தவர்கள். அவர்களும் ஒன்றுக்குச் சாட்சிகள். இரத்தத்தை விதையாகப் பார்க்கும் கதையில் அவர்களுக்கு இடமில்லை. முளைத்த பயிரைக் கணக்கெடுக்கும்போது மிதிபட்டவர்கள் கணக்கில் வருவதில்லை.

குமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டன், மார்த்தாண்ட வர்மாவின் அலுவலர். குளச்சல் போரில் 1741-இல் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயிடம் கிறிஸ்தவத்தைப் பற்றிக் கேட்டறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். ஏறத்தாழ மூன்று ஆண்டுச் சிறைவாசத்துக்கும் அலைக்கழிப்புக்கும் பிறகு 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதரானார். பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டம் அதற்கு முன்பே நீக்கப்பட்டது. சாதி பாராமல் பழகினார் என்பது அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் முதன்மையான செய்தி. அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், அவர் இறந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழிந்த பின், வெள்ளாளரும் நாடாரும் ஒருவரையொருவர் பார்க்காமல் பூசை காண்பதற்காக இரட்டை நடையோடு தேவாலயம் எழுந்தது. நடுவில் இருந்த தடுப்பு 1910-இல்தான் இடிக்கப்பட்டது. இரத்தம் அந்தச் சுவரைக் கரைக்கவில்லை. பிடிவாதமான ஒரு பங்குக் குருவும் கடப்பாரையும் நீதிமன்ற வழக்குகளும் தேவைப்பட்டன.

மன்னாரில் 1544-இல் நடந்தது இன்னும் பெரிய கொலை. பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவிடம் ஞானஸ்நானம் பெற்ற மக்கள் சுமார் 600 பேரை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொல்வித்தான் என்பது மரபு. மதம் மாறுகிறவன் போர்த்துக்கீசனின் குடியாகிவிடுவான் என்ற அச்சம் அவனுக்கு. அச்சம் பொய்யும் அல்ல. 1560-இல் போர்த்துக்கீசர் மன்னாரைப் பிடித்தார்கள், 1619-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள், 1621-இல் நல்லூர்க் கோயிலை இடித்தார்கள். நேற்று சாட்சிகளாக இறந்தவர்களின் பெயரால் இன்று இன்னொருவரின் கருவறை இடிகிறது. இறந்த 600 பேர் அதைக் கேட்டிருப்பார்களா என்று யாரும் கேட்கவில்லை. கேட்க முடியாது என்பதுதான் இறந்தவர்களைப் பயன்படுத்துவதில் உள்ள வசதி.

*

1658-இல் டச்சுக்காரர் வந்ததும் ஒடுக்கியவர்கள் ஒடுக்கப்பட்டார்கள். கத்தோலிக்கக் குருக்கள் விரட்டப்பட்டார்கள். சைவர்களும் தப்பவில்லை. பதவிக்கும் திருமணப் பதிவுக்கும் சொத்துரிமைக்கும் சீர்திருத்தச் சபையின் ஞானஸ்நானம் தேவைப்பட்டது. டேசியஸின் சான்றிதழ் 1,400 ஆண்டுகள் கழித்து யாழ்ப்பாணத்துக்கு வந்தது.

இருவரும் என்ன செய்தார்கள்? சைவர்கள் பெயரைப் பதிந்துகொண்டு, ஞாயிறு வரவு காட்டிவிட்டு, வீட்டில் விரதம் இருந்தார்கள். விரதச் சோறு உண்ட இலையை வெளியே எறிந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று கூரை இறப்பில் செருகி ஒளித்தார்கள் என்று ஊர்வழக்கு சொல்கிறது. ஒன்றரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் இப்படி நடந்தது. 1796-இல் ஆங்கிலேயர் வந்து கட்டாயம் தளர்ந்ததும், ஏட்டில் இருந்த கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் கரைந்து போனார்கள், கோயில்கள் எழுந்தன. யாழ்ப்பாணச் சைவம் பிழைத்தது பெரும்பாலும் வளைந்தவர்களால். அவர்களில் எவருக்கும் சிலை இல்லை.

கத்தோலிக்கருக்கு 1687-இல் கோவாவில் இருந்து ஜோசப் வாஸ் வந்தார். கூலியாள் கோலத்தில் யாழ்ப்பாணத்தில் இறங்கி, சில்லாலையை இருப்பிடமாக்கி, இரவுகளில் வீடுவீடாகப் போனவர். கண்டியில் ஒற்றன் என்று ஐயுற்றுச் சிறைவைக்கப்பட்டார். 1697-இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, ஊரே ஓடியது. வாஸும் அவருடைய மருமகனான குருவும் தங்கி நோயாளிகளைத் தூக்கிச் சுமந்தார்கள். பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அதன் பிறகு அவருக்கு முழுச் சுதந்திரம் கொடுத்தான். அவரை யாரும் கொல்லவில்லை. 1711-இல் நோயுற்று இறந்தார். இலங்கையில் கத்தோலிக்கம் இன்று இருப்பதற்கு ஒரு மனிதரைச் சுட்ட வேண்டுமானால் அவரைத்தான் சுட்ட வேண்டும். ஒளிந்து திரிந்தவர், புண்ணைக் கழுவியவர்.

அலெக்சாந்திரியாவும் கண்டியும் ஒரே செய்தியைச் சொல்கின்றன. கொள்ளைநோய்க் காலத்தில் யார் அருகில் இருந்தார்கள் என்பதை மனிதர்கள் மறப்பதில்லை. 2020-இல் இந்தப் பகுதிக் கேம்ப்களில் அடைபட்டுக் கிடந்தவர்களும் மறக்கவில்லை. கதவுக்கு வெளியே கஞ்சிப் பாத்திரத்தை வைத்துவிட்டுத் தட்டிவிட்டுப் போனவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்பது பிறகுதான் தெரிந்தது. ஓர் அறையில் ஒருவர் இறந்தால், உடலை ஊருக்கு அனுப்பவும் வீட்டுக்குக் கொஞ்சம் பணம் சேர்க்கவும் மற்ற அறைகளில் துண்டு விரிக்கப்படுகிறது. வேளாங்கண்ணி மாதா படம் ஒட்டிய கட்டிலில் இருந்தும் முருகன் படம் ஒட்டிய கட்டிலில் இருந்தும் தொழுகை விரிப்பு மடித்து வைத்த கட்டிலில் இருந்தும் பத்தும் இருபதுமாகத் திர்ஹம்கள் வந்து விழுகின்றன. ரோமச் சபையின் 1,500 பேர் கணக்கு இப்படிப்பட்ட துண்டில்தான் தொடங்கியிருக்க வேண்டும்.

*

இங்கே ஒரு மறுப்பு எழும், அது வலுவான மறுப்பு. எல்லாரும் வளைந்திருந்தால் திரும்பி வருவதற்கு எது மிஞ்சியிருக்கும்? வளைந்தவனுக்குத் தான் வளைந்திருக்கிறோம் என்று தெரிவதே நிமிர்ந்து நின்ற ஒருவனைப் பார்த்துத்தானே? ஜப்பானில் 1614-இல் கிறிஸ்தவம் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது. மறைந்து வாழ்ந்தவர்கள் திருவுருவத்தை மிதித்துக் காட்டிவிட்டு, வீடு திரும்பி மனம் வருந்தும் செபத்தைச் சொன்னார்கள். 1865-இல் நாகசாகியில் அவர்களின் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் வெளியே வந்தார்கள். 250 ஆண்டுகள் கொண்டுவந்து சேர்த்தவர்கள் மிதித்தவர்கள். ஆனால் அவர்கள் வருந்தக் கற்றது மிதிக்க மறுத்து இறந்தவர்களிடம்.

இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். ஏற்றபின்னும் ஒன்று மிஞ்சுகிறது. நிமிர்ந்து நின்று இறந்தவர் நமக்குக் காட்டுவது ஒரு விலைச்சீட்டு. இது எனக்கு இவ்வளவு பெறும், இதை நான் விற்கமாட்டேன் என்கிறார். அது பெரிய காரியம். மனிதனிடம் விற்பனைக்கு இல்லாத ஒன்று இருக்கிறது என்பதே கொடுங்கோலன் கேட்க விரும்பாத செய்தி. ஆனால் அவர் நம்பியது உண்மை என்பதை அது நிறுவாது. ஒன்றுக்கொன்று முரணான நம்பிக்கைகளுக்காக மனிதர்கள் அதே துணிவோடு இறந்திருக்கிறார்கள். எல்லாம் ஒருங்கே உண்மையாக இருக்க முடியாது. அது பரவும் என்பதையும் நிறுவாது, கார்த்தேஜைப் பார்த்தோம். தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு ஆகவே என் பதில் இது: மறைசாட்சி இரண்டுக்குச் சாட்சி. தன் மனதுக்கும், தன்னைக் கொன்றவனின் அநீதிக்கும். மற்ற இரண்டும் நாம் அவர் வாயில் திணிப்பவை.

திணிப்பதில் என்ன தவறு என்று கேட்கலாம். இரத்தத்தை விதை என்றால், கொன்றவன் விதைப்பவன் ஆகிறான். விதைப்பவனுக்கு உழவன் என்று பெயர். நீரோவும் சங்கிலியும் தூ நுவாசும் உழவர்களா? அடுத்து, விதை என்றால் அறுவடை எதிர்பார்க்கப்படும். பயிர் முளைக்காத இடத்தில் இறந்தவர் வீணாகிப் போகிறார். நஜ்ரானில் இன்று ஹாரித்தின் சபை இல்லை. ஆகவே அவர் சாவுக்குப் பொருள் இல்லையா? விளைச்சலை வைத்து மரணத்தை அளக்கத் தொடங்கினால், விளையாத மரணங்களை எல்லாம் களத்தில் இருந்து கூட்டித் தள்ள வேண்டிவரும். மூன்றாவதுதான் மிகவும் உறுத்துகிறது. விதை நன்றாக முளைக்கும் என்று நம்புகிறவனுக்கு இன்னும் கொஞ்சம் விதைக்கலாமே என்று தோன்றும். தன் பிள்ளையைப் பத்திரமாக அயல்நாட்டில் படிக்க வைத்துவிட்டு, அடுத்தவர் பிள்ளையின் மரணத்தைப் பலன் தந்தது என்று பேசுவது, மற்றவர் முதலுக்கு நாம் வட்டி வாங்குவது. தன் சாவுக்குப் பொருள் சொல்லும் உரிமை சாகிறவருக்கு மட்டுமே உண்டு. நமக்கு இருப்பது துக்கம் காக்கும் உரிமை, நடந்ததைத் திரித்துச் சொல்லாத கடமை.

இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகள் இந்தப் பெரும் வார்த்தைகளுக்கு நடுவே வளர்கிறார்கள். எல்லாரும் இறந்தபோது நாம் ஏன் இங்கே இருக்கிறோம் என்ற கேள்வி, வாய்விட்டுக் கேட்கப்படாமலே, பல வீடுகளில் உண்டு. தப்பி வந்தவர்களின் பிள்ளைகள் என்பது ஏதோ குறைவான வமிசம் போல அவர்களுக்குத் தோன்றக்கூடும். அவர்களுக்குச் சொல்ல வரலாற்றில் நேர்மையான செய்தி இருக்கிறது. நம்பிக்கைகளையும் மொழிகளையும் மக்களையும் காலம் தாண்டிக் கொண்டுவந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தப்பியவர்கள், ஒளித்தவர்கள், தலைகுனிந்து தாளில் கையெழுத்திட்டவர்கள், பிறகு வெட்கத்தோடு திரும்பி வந்தவர்கள். சிப்ரியன் அவர்களைச் சேர்த்துக்கொண்டது இளகிய மனத்தால் மட்டும் இல்லை. ஒரு சமூகம் தன் மிகத் துணிந்த பத்துப் பேரை மட்டும் கொண்டு வாழ முடியாது என்று அவர் கண்டிருந்தார். தானும் ஒருமுறை ஓடியவர் என்பதையும் அறிந்திருந்தார்.

ஓரியூர் மண்ணைத் தலையில் பூசிக்கொள்கிறவரிடம் நான் வாதாடப் போவதில்லை. துயிலும் இல்லத்தின் முன் விளக்கேற்றுகிறவரிடமும் இல்லை. இறந்தவர்களைப் பெயர் சொல்லி நினைப்பது தேவை. அவர்களோடு சேர்த்து விலக்கப்பட்ட மனைவிகளையும், கூரையில் இலை செருகியவர்களையும், வரிசையில் நின்று பலியிட்டுவிட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடந்தவர்களையும், பெரியம்மைக்காரரின் வாயில் தண்ணீர் ஊற்றியவர்களையும் நினைக்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம். பரவியது எதுவோ, அது இவர்கள் கைவழியாகத்தான் பரவியது. இரத்தம் இரத்தம்தான். அதைச் சிந்தியவனிடம் கணக்குக் கேட்க வேண்டும். அதில் விளைச்சல் எதிர்பார்க்கக் கூடாது.